காதைத் தொட்டவர்களின் பள்ளிக்கூடம்

என் அப்பாவுக்குப் பிறந்தநாள் ஜூன் மாதம். பெரியப்பாவுக்கும் ஜூன். எதிர்வீட்டு மாமாவுக்கு ஜூன், அவருடைய தம்பிக்கு மே கடைசி. எங்கள் ஊரில் அறுபதைத் தாண்டியவர்களின் ஆதார் அட்டைகளை வாங்கி அடுக்கினால், ஊரே ஏதோ ஒரு கோடையில் சேர்ந்து பிறந்ததுபோலத் தெரியும். பாட்டியைக் கேட்டால் கதை வேறு. "உங்கப்பன் ஐப்பசி அடைமழையில பொறந்தவன். மருத்துவச்சி கம்மாக்கரையைச் சுத்திக்கிட்டு வந்தா" என்பாள். இரண்டுமே சரிதான். ஐப்பசியில் பெற்றவள் பாட்டி. ஜூனில் பெற்றவர் தலைமையாசிரியர்.

பையனைக் கூட்டிப்போய் நிறுத்தினால், வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது என்று கணக்கு. பள்ளி திறக்கும் ஜூனிலிருந்து ஐந்து ஆண்டைக் கழித்து, தோன்றிய ஒரு தேதியைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். அப்பன் என்ன செய்கிறான், வீட்டில் யாருக்காவது கையெழுத்துப் போடத் தெரியுமா என்ற விசாரணைகளில் சேர்க்கை நின்றுபோகாது. காது எட்டினால் போதும், ஒன்றாம் வகுப்பு.

ஒரு மாநில அரசு எதற்காகப் பள்ளிக்கூடம் நடத்துகிறது என்று கேட்டால் நீட்டுவதற்கு ஆவணங்கள் நிறைய இருக்கின்றன. கடைசியாக வந்தது 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கை. நீதிபதி முருகேசன் தலைமையிலான குழு 2024-ல் கொடுத்த அறிக்கையிலிருந்து உருவானது. அதையும் படித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த இடம், வட மாவட்டமொன்றில் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் இரும்பு பீரோ.

ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு அறை, ஒரு வேப்பமரம். தலைமையாசிரியருக்கு ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகளே பாக்கி. பிள்ளைகளுக்கு அவர் 'பெரிய டீச்சர்'. பீரோவைத் திறந்து காட்டினார். முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதி, பழுப்பு அட்டை போட்ட பதிவேடுகள். எண்ணத் தொடங்கி இருபத்தைந்தில் விட்டுவிட்டேன். "எல்லாமே கம்ப்யூட்டர்ல, எமிஸ்ல ஏத்தியாச்சு சார். ஆனா ஆடிட்டுக்கு வர்றவங்க இதைத்தான் கேப்பாங்க" என்றார்.

புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. இந்தப் பதிவேடுகள் ஒரே நாளில் வந்தவையல்ல. ஒவ்வொரு காலத்திலும் அரசு தன் பள்ளிக்கு ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பதிவேடு பிறந்திருக்கிறது. கொடுத்த எந்த வேலையையும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அரிசியும் அட்டெண்டன்சும்

அதிகமாகக் கசங்கியிருந்தது சத்துணவுப் பதிவேடு. அதற்கு வம்சாவளி நீளம். 1920-ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம்விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தீர்மானம் கொண்டுவந்தார். தலைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. பிறகு காமராசர் காலம். மாநிலத்தின் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பெரிய மனிதர்களிடம் அரிசியும் பணமும் கேட்டு, மக்கள் நன்கொடையில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். எட்டயபுரத்தில் அதைத் தொடங்கியது 1956-ல். பாரதி பிறந்த ஊர் என்பதால் அந்த இடம்.

அதற்கு மூன்று ஆண்டு முன்னால்தான், 1953-ல், ராஜாஜி அரசின் அரைநாள் பள்ளித் திட்டம் வந்திருந்தது. பாதி நாள் பள்ளி, மீதி நாள் வீட்டுத் தொழில். எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1954-ல் காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டது. எனக்கு இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே வாக்கியத்தின் இரண்டு பாதிகளாகவே படும். பிள்ளை மத்தியானத்துக்கு மேல் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் சண்டை. ஒருவர் வீட்டுக்குப் போகச் சொன்னார். இன்னொருவர் சோறு போட்டு உட்காரவைத்தார்.

1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது, ஓட்டுக்காகப் பணத்தைக் கரைக்கிறார் என்று எழுதியவர்கள் உண்டு. அதே ஏற்பாடு 1995-ல் தேசியத் திட்டமானது. சமைத்த உணவே தர வேண்டும் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. இங்கே 1989-ல் முட்டை வந்து சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவு. மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தபோது 1,545 பள்ளிகள். மறு ஆண்டு ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது.

நான் போன அன்று கிச்சடி. எட்டேகாலுக்கே பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். சமைத்தவர் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண். அவருடைய மகன் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. தன் பிள்ளை சாப்பிடப்போகும் கிச்சடியில் யாரும் காயைக் குறைக்க மாட்டார்கள். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் யாரோ, கெட்டிக்காரர். ஒரு சின்னப் பெண் இரண்டாம் முறை வாங்க வந்தாள். "நேத்து ராத்திரி எங்க வீட்ல சோறு ஆக்கல" என்று, யாரும் கேட்காமலே, சாம்பார் வாளியைப் பார்த்துச் சொன்னாள். பெரிய டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இது தெனமும் உள்ளதுதான்" என்றார்.

இந்தப் பந்தியைப் புகழ்ந்துவிட்டுப் போய்விட முடியாது. 2023-ல், எட்டயபுரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிற்றூரில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகப் பெற்றோர் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிடவிடவில்லை. அமைச்சரும் அதிகாரிகளும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. 67 ஆண்டுக்கு முன் பந்தி தொடங்கிய ஊரிலிருந்து சில மைல் தூரம்.

ஒரே சட்டை, பல பெயர்ப்பலகை

சாதிக்கு எதிராக இந்தப் பள்ளிகள் கையிலெடுத்த எளிய கருவி சீருடை. 1960 வாக்கில் வந்தது. கந்தல் சட்டையும் பட்டுப்பாவாடையும் ஒரே பெஞ்சில் உட்காரும்போது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசமாவது மறையட்டும் என்பது யோசனை. அறுபதுகளின் நடுவுக்குள் பள்ளியிறுதி வரை கட்டணமும் போய்விட்டது. பாடநூல், காலணி, பை, பஸ் பாஸ், பதினோராம் வகுப்பில் சைக்கிள், பிறகு மடிக்கணினி என்று விலையில்லாப் பொருள் வழங்கல் பதிவேடு கனத்துக்கொண்டே போனது. இதைக் கேலி செய்கிறவர்கள், ஆறாம் வகுப்போடு பெண்ணை நிறுத்த அப்பா சொல்லும் காரணங்களைக் காதால் கேட்காதவர்கள். பஸ்ஸுக்குக் காசில்லை, ஒழுங்கான துணியில்லை, பள்ளி தூரம். ஒவ்வொரு காரணத்துக்கும் பதிலாக ஒவ்வொரு பொருள். அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் சட்டை ஒன்றானபோதும் பலகை ஒன்றாகவில்லை. 'அரசுப் பள்ளி' என்று சொல்லிவிடுகிறோம். 37,000-க்கு மேல் இருக்கும் இந்தப் பள்ளிகளுக்குள் ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி என்று பல வகை. ஆதிதிராவிடர் நலப் பள்ளி தனித் துறை. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி தனி. வனத்துறைக்கும் பள்ளிகள் உண்டு. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். யாருக்காகத் திறக்கப்பட்டது என்ற வரலாறு பெயரிலேயே இருக்கிறது. சேர்த்துக்கொள்ளாத பள்ளிகள் இருந்த காலத்தில் அந்தப் பெயர் ஒரு பாதுகாப்பு. இன்று அதே பெயர் மாற்றுச் சான்றிதழில் ஒரு முத்திரையாக ஒட்டிக்கொண்டு வருகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவரை அவரோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளம் போக வேண்டும், எல்லாப் பள்ளிகளும் ஒரே துறையின் கீழ் வர வேண்டும், சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு கூடாது என்றது. கயிற்றைப் பற்றி மாதக்கணக்கில் விவாதித்தோம். துறைகளை இணைப்பது பற்றி அந்த அளவுக்குச் சத்தம் இல்லை. இணைப்பது எளிதில்லை என்பதும் உண்மை. தனித்துறை போனால் தனிக் கவனமும் நிதியும் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் அந்தச் சமூகங்களிலேயே இருக்கிறார்கள்.

புத்தகத்திலும் இதே கதை. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வாரியங்கள், நான்கு புத்தகங்கள். முத்துக்குமரன் குழு பரிந்துரைக்க, 2010-ல் சட்டமாகி வந்தது சமச்சீர்க் கல்வி. 2011-ல் ஆட்சி மாறியதும் புதிய அரசு அதை நிறுத்தப் பார்த்தது. அச்சான புத்தகங்கள் கிடங்கில் கிடந்தன. பள்ளி திறந்தும் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் புத்தகம் வந்தது. சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டி வந்தது. எந்தப் பிள்ளையாவது அந்த ஸ்டிக்கரை உரித்துப் பார்க்காமல் விட்டிருக்குமா? அந்த ஆண்டு மிகக் கவனமாகப் படிக்கப்பட்ட பக்கங்கள் அவையாகத்தான் இருக்க வேண்டும்.

கொம்பும் காலும்

பிள்ளையை வரவைத்தாயிற்று, உட்காரவைத்தாயிற்று. படிக்கிறதா?

இங்கேதான் தொண்டை அடைக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் கணிசமானவர்களால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் வாசிக்க முடியவில்லை என்று, ஊர் ஊராகப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஏசர் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கணக்கெடுக்கும் முறையில் குறை சொல்லலாம், சொல்லியிருக்கிறார்கள். வகுப்பறைக்குள் பத்து நிமிடம் நின்றவர்கள் சொல்ல மாட்டார்கள்.

முயற்சி இல்லாமல் இல்லை. ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-க்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. கரும்பலகை சுவரின் அடிக்கு இறங்கியது, டீச்சர் பாயில் உட்கார்ந்தார், பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏணியில் ஏறியது. நல்ல யோசனை. முப்பது பிள்ளைகள் முப்பது படியில் நிற்கும்போது ஒரே ஆசிரியர் என்ன செய்வார் என்பதைத்தான் ஏணி சொல்லவில்லை. பிறகு கொரோனா. தொடக்க வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ல். பத்தொன்பது மாத இடைவெளியில் எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளைகளுக்கும் அது மறந்துபோயிருந்தது. அதற்காக இல்லம் தேடிக் கல்வி வந்தது, 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தது.

பெரிய டீச்சரின் அறையில் எண்ணும் எழுத்தும் பார்த்தேன். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்திருந்தார். வகுப்பு எதுவாக இருந்தாலும் வாசிக்கும் திறனை வைத்து இடம். மொட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் 'பொம்மை' என்பதைப் 'பெம்மை' என்று வாசித்து, நிறுத்தி, பின்னால் இருந்த காலைப் பார்த்துவிட்டுத் திருத்திக்கொண்டான். "மூணாவது வந்தும் கொம்பு, கால் தடுமாறுற புள்ளைங்க இருக்கு சார். மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார் டீச்சர். அவர் பையனோடு இருந்த நேரம் நான்கு நிமிடம் இருக்கும். அதற்குள் செயலியில் வருகைப்பதிவு ஏறவில்லை என்று வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து தொலைபேசி. உடன் வேலை பார்க்கும் ஆசிரியைக்கு அன்று பயிற்சி. ஆக, ஐந்து வகுப்புக்கும் ஒருவர்.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, முப்பதுக்கு ஒருவர். ஆனால் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இல்லையே, ஐந்து வகுப்பில் அல்லவா இருக்கிறார்கள்? வாக்காளர் பட்டியல், தேர்தல், கணக்கெடுப்பு என்று வெளிவேலைகள் வேறு. 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக்கல்விக்கு ஒதுக்கியது ரூ.46,767 கோடி, எந்தத் துறைக்கும் குறையாத பெரிய தொகை. பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். நான் மாற்றிச் சொல்வேன். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று வைக்காதவரை, அரும்பு மொட்டாவதற்கு எந்தத் திட்டத்தின் பெயரும் உதவாது. சோறு போடும் வேலையைக் குறைக்க வேண்டாம். சொல்லிக்கொடுக்கும் கையைக் கூட்ட வேண்டும்.

மேலே போகப்போகப் படம் வேறு. உயர்கல்விக்குப் போகிறவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47 பேர் என்கிறது 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கு. நாட்டின் சராசரி 28. பக்கத்தில் பள்ளி, 1978-லிருந்து பள்ளிக்குள்ளேயே பிளஸ் டூ, முதல் பட்டதாரிச் சலுகை என்று படிக்கட்டு கட்டியதன் விளைவு இது. நீட் வந்து அந்தப் படிக்கட்டில் ஒரு படியை உடைத்தபோது, நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரைப்படி 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் ரூ.1,000 என்று புதுமைப்பெண் வந்தது. சேர்க்கும் வேலையோடு தொடங்கிய பள்ளிக்குக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் விடும் வேலையும் வந்து சேர்ந்துவிட்டது.

டெல்லிக்கு வேறு கணக்கு. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று, 2024-25-க்கான பள்ளிக்கல்வி நிதி ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. கையெழுத்துப் போட்டால் தேசியக் கல்விக் கொள்கையையும், அதன் மும்மொழியையும் ஏற்றதாகிவிடும், 1968 முதல் இருக்கும் இருமொழிக் கொள்கை போய்விடும் என்றது மாநிலம். 2025 மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கல்வி 1976-ல் அரசியலமைப்பின் 42-வது திருத்தத்தில் பொதுப்பட்டியலுக்கு நகர்ந்ததன் வட்டியை இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மெல்லிய பதிவேடு

பீரோவில் மெல்லியது மாற்றுச் சான்றிதழ் கட்டு. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஐந்தாவது முடித்துப் போகிறவர்களின் டி.சி. சாதாரணம். இரண்டாவதில், மூன்றாவதில் வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் சேதி. காலை எட்டு மணிக்கு ஊருக்குள் வந்து திரும்பும் மஞ்சள் வேன் அவர்களுக்கானது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவு வந்தது. வேன் நிற்கவில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்துக்கு அரசே கட்டணம் தருகிறது. சட்டம் நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டதுதான். ஆனால் தன் கடைக்கு வரும் வாடிக்கையாளருக்குக் காசு கொடுத்து எதிர்க்கடைக்கு அனுப்பும் வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கேட்கத் தயங்கிய கேள்வியைக் கேட்டேன். உங்கள் பெண் எங்கே படித்தாள், டீச்சர்?

"மெட்ரிக்ல சார்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப இங்க இங்கிலீஷ் மீடியம் இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். அது சாக்கு. பயந்தான். எல்லாரும் அனுப்பும்போது நம்ம புள்ளைய மட்டும் எப்படி..."

அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும் என்று 2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரை நூற்றாண்டுக்கு முன் கோத்தாரிக் குழு சொன்ன அருகமைப் பள்ளியும் அதேதான், பணக்காரர் ஏழை என்று பாராமல் அந்தத் தெருப் பிள்ளைகள் அந்தத் தெருப் பள்ளியில். இரண்டும் ஏட்டோடு நின்றன. தாசில்தார் மகனும் வங்கி மேலாளர் மகளும் போனதோடு, கழிப்பறைக் கதவு உடைந்தால் கலெக்டருக்கு மனு எழுதும் அப்பாக்களும் போய்விட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் சொல்கிறது. கூட்டத்துக்கு வந்தால் அன்றைய நூறு நாள் வேலைக் கூலி போகும் அம்மாக்கள் அவர்கள். வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், பேசுவதற்குள் மணி ஆகிவிடுகிறது.

பிறப்பும் குறைந்துவிட்டது. 2020 கணக்கில் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.4. ஆசிரியர்கள் கோடையில் வீடு வீடாகப் பிள்ளை தேடிப் போகிறார்கள். சில ஊர்களில் கைக்காசைப் போட்டு ஆட்டோ வைக்கிறார்கள். ஆகஸ்ட் 1 அன்று எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம். எண்ணிக்கை இறங்கினால் ஒருவர் 'உபரி'. பெரிய டீச்சர் ஜூலை முழுக்கக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது செங்கல் சூளையின் மேஸ்திரி ஒரு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஒடிசாக் குடும்பம். அப்பா அம்மா இரண்டு பேரும் சூளையில். பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஆதார் ஊரில் இருக்கிறதாம். சான்று இல்லை என்று சேர்க்காமல் விடக் கூடாது என்பது சட்டம், டீச்சருக்கு அது மனப்பாடம். பையனைப் பார்த்து வயதென்ன என்று கேட்டார். அவனுக்குத் தமிழ் புரியவில்லை. மேஸ்திரிக்கு ஒடியா தெரியவில்லை.

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தார். தன் வலது கையைத் தூக்கித் தலைக்கு மேல் வளைத்து, இடது காதைத் தொட்டுக் காட்டினார். பையன் அவரையே பார்த்தான். பிறகு அவனும் கையைத் தூக்கினான். விரல் காது நுனியில் பட்டதும் சிரித்துவிட்டான்.

சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, தாய்மொழி என்ற கட்டத்தில் ஒடியா என்று எழுதினார். பிறந்ததேதிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"ஜூன் போட்டுடவா சார்?"